சக்களத்தி மகன் பெயரும் ஏறட்டும்

ஆண்கள் கூடியிருந்த கூடத்துக்குள் ஸுவைனா விறுவிறுவென்று நுழைந்தாள். அரபுக் கரையிலுள்ள சூர் துறைமுகத்தில் ஏழு தலைமுறையாகக் கப்பல் விட்டு, பேரீச்சம்பழம் விற்ற குடும்பம் அது. அதன் வம்ச மரத்தைப் பதப்படுத்திய ஆட்டுத்தோலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன கப்பல்காரர் முஸல்லத்தின் மூத்த மனைவி அவள்.

"கமீஸ் பேரு எங்க?"

கமீஸ் அவள் சக்களத்தி மகன், ஆப்பிரிக்கக் கரையில் ஸான்ஸிபாரில் பிறந்து, தாயோடு இங்கே வந்தவன். அவன் மகளைப் பெண் கேட்டிருந்தார்கள். மரத்தில் பெயர் இல்லையென்றால், வம்சம் தெரியாத வீடென்று வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

கொழுந்தன் ஹுமைத், காப்பி போதுமென்று கோப்பையை ஆட்டிக் கொடுத்தார். "மைனி, அவன் உம்மா அண்ணன் கட்டினவளா, வச்சிருந்தவளா? யாரு கண்டா? நிக்காஹ் சாட்சியெல்லாம் அங்கேயே மண்ணாப் போயாச்சு. நீங்களே அவள மதிக்கலையே!"

"மதிக்கலதான். அவ ஆக்கின மீன நாய்கூடத் திங்காது. ஆனா சாகிற வரைக்கும் அவகூட மல்லுக்கு நின்னேனே, ஏன்? சக்களத்திங்கிறதாலதான். வேலைக்காரிகிட்ட எவளாவது புருஷனுக்காகச் சண்டை போடுவாளா?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

ஸுவைனா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கனத்த தங்கக் காப்பு ஒன்றைப் பாயில் போட்டாள். "ரெண்டாங்கல்யாணம் பண்ணினவன் மூத்தவ மனசு ஆறட்டும்னு குடுக்கிற காப்பு. வச்சிருந்தவளுக்காக எந்த ஆம்பள இதக் குடுப்பான்? தட்டான்கிட்டப் போயி வாங்கியாந்தது யாரு? நீங்கதான தம்பி!"

ஹுமைத் தாடியைச் சொறிந்தார். தட்டான் கடைத் தெருவே அதைப் பார்த்திருந்தது.

இப்போது அவள் மகன் கல்ஃபான் குறுக்கிட்டான். "உம்மா, அவரு என்னைவிட மூத்தவரு. பேரு ஏறினா கூடத்துல மூத்தவன் உக்கார்ற தலைமாட்டு மெத்த அவருக்குப் போயிரும்."

"போகட்டும். ஒரு மெத்த தள்ளி உக்காந்தா உன் இடுப்பு ஒடிஞ்சிருமா? பொம்பளப் புள்ள வாழ்க்கைடா."

"நீங்க பெத்தது என்னையா, அவரையா?"

"உன்னத்தான். அந்த வலி எனக்குத் தெரியும். வாய மூடு."

ஹுமைத் சரியென்று தலையசைத்தார். எழுதுபவர் மையைத் தொட்டார். ஸுவைனாவுக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்திலேயே குந்திக்கொண்டு, "எங்க எழுதின, தொட்டுக் காட்டு. என் மகனுக்கு முன்னாலதான?" என்று கேட்டாள். அவர் தொட்டுக் காட்டியும் நம்பவில்லை. வாசலில் வலையோடு போன, எழுத்துத் தெரிந்த மீன்காரனைக் கூப்பிட்டு, அவனையும் ஒருமுறை சத்தமாகப் படிக்க வைத்தாள்.