முதலில் இதைப் பார்க்கவும்

ரிக் வண்டி ஊரை விட்டுக் கிளம்பும்போது அதில் ஏறும் சாமான்களில் இரண்டுக்கு மட்டும் நான் பொறுப்பு: எலுமிச்சை ஊறுகாய், ஹார்டு டிஸ்க். என் வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக்கில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கம் இது பெரிய விஷயமில்லை. தெருவுக்கு நாலு பேர் சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். மழை பிடித்தால்தான் வீடு திரும்புவார்கள்.

அது நாலு டெராபைட் டிஸ்க். பார்க்க உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வீட்டு போட்டோக்கள், சினிமாப் படங்கள், பழைய காமெடி, முருகன் பாட்டு, கம்ப்ரஸரைப் பிரித்து மாட்டும் வீடியோ என்று வகை பிரித்து ஏற்றிக் கொடுப்பேன். காட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும் என்பதால் பொழுதுபோக்கெல்லாம் அதற்குள்தான். வண்டி குலுங்கி டிஸ்க் கெட்டுவிடக் கூடாதென்று டப்பாவில் போட்டு அரிசி மூட்டைக்குள் புதைத்து வைப்பார்கள். சமையல்காரர் சோற்றுக்கு அரிசி அள்ளும்போது அன்றைய படமும் கூடவே வெளியே வரும்.

இத்தனை வருடம் ரிக்கில் ஓயாமல் இரையும் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் நின்றால் காது என்ன ஆகும்? அவருக்குக் கேட்பது குறைந்துகொண்டே வந்தது. ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார். போனில் நான் என்ன கேட்டாலும், "சாப்ட்டேன், நல்லா இருக்கேன்" என்பார். காதைப் பற்றி எழுதி அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று பதிலாக வரும். அந்தக் கட்டைவிரலை ஒடித்துப் போடலாமா என்றிருக்கும் எனக்கு. கத்திச் சொன்னாலோ எங்கள் வீட்டுச் சங்கதி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விடும்.

அதனால் போன வருடம் அவர் கிளம்புவதற்கு முன்னால், ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனை எதிரே நிறுத்தி வைத்து, வீடியோ எடுத்தபடி பேசினேன். இயர்போன் மாட்டிச் சத்தத்தைக் கூட்டினால் அவருக்குக் கேட்கும் அல்லவா? கத்தாமல் பேசினேன்.

"ஏனுங்க, போன தடவ வந்தப்ப பாப்பா உங்களப் பின்னாடியிருந்து கூப்பிட்டுக்கிட்டே வந்தா. நீங்க திரும்பவே இல்ல. அப்பாவுக்கு எம்மேல கோவமான்னு எங்கிட்ட வந்து கேக்கறா. நான் என்னத்தச் சொல்லட்டுங்க? வலது காதுல வண்டு கத்தறாப்பல இருக்குன்னு தூக்கத்துல நீங்களே சொன்னீங்க. நாமக்கல்லுல காது டாக்டர் இருக்கறாரு. இருக்கற காதையாச்சும் காப்பாத்திக்கலாம், வந்துருங்க."

இன்னும் கொஞ்சம் பேசினேன். அதெல்லாம் இங்கே வேண்டாம். டிஸ்க்கைத் திறந்ததும் கண்ணில் படும்படி, 'முதலில் இதைப் பார்க்கவும்' என்று பெயரிட்டு அதில் ஏற்றினேன்.

எனக்குத் தெரியாத பழக்கம் ஒன்று அவர்களுக்குள் இருந்தது. வடக்கே நம் பக்கத்து ரிக் இரண்டு எதிரெதிரே சந்தித்தால், நிறுத்தி டீ குடித்துவிட்டு ஹார்டு டிஸ்க்கை மாற்றிக்கொள்வார்கள். பார்த்த படத்தையே எத்தனை தடவைதான் பார்ப்பது? எங்கள் டிஸ்க், போன கையோடு ராசிபுரத்துக்காரர்கள் வண்டிக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரரே போனில் பெருமையாகச் சொன்னார். "இதுல எல்லாம் புதுப் படம் புள்ள." அவர் நம் டிஸ்க்கைத் திறந்தே பார்க்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. தலைகூட ஒழுங்காக வாராமல் உட்கார்ந்து பேசியதை, முன்பின் தெரியாத ஆண்கள் சோற்றுத் தட்டோடு வட்டம் கட்டிப் பார்த்திருப்பார்கள். "அத மொதல்ல திருப்பி வாங்குங்க" என்று கத்தினேன்.

"சாப்ட்டேன், நல்லா இருக்கேன்" என்றார்.

அன்று அழுதேன். வெட்கம் பாதிதான். சொல்ல வேண்டியதைச் சொல்ல இருந்த ஒரே வழியும் போய்விட்டதே என்பதுதான் பெரிய துக்கம்.

சில நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ராசிபுரம் ரிக்கின் டிரில்லர்.

"அக்கா, டிஸ்க்க நானே கொண்டுபோய் அண்ணன் கையில குடுத்துட்டேனுங்க. படம்னு நெனச்சுத் தொறந்துட்டோம். ஊட்டு விசயம்னு தெரிஞ்சதுமே நிறுத்திட்டமுங்க."

"சரிங்க தம்பி. ரொம்ப நன்றிங்க."

அவர் போனை வைக்கவில்லை. தயங்கிக் கேட்டார். "எனக்கும் அந்த வண்டு கத்துதுங்கக்கா. நாமக்கல்லு டாக்டர்னு சொன்னீங்களே, எந்தப் பக்கமுங்க?"

நிறுத்திவிட்டாராம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு வழி சொன்னேன்.

அந்த வாரக் கடைசியில், மழைக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்க, என் வீட்டுக்காரர் பையோடு வந்து வாசலில் நின்றார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "நீ மெதுவாப் பேசுனா எப்படி இருக்கும்னே மறந்து போயிருச்சு புள்ள. நீ எப்பவும் கத்தறயேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் அவருக்காகத்தான் கத்தினேன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது.

போன காது போனதுதான், மெஷின் பக்கம் போகாமல் இருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இப்போது ரிக்குகளுக்கு வேண்டிய உதிரிபாகங்களை ஊரில் இருந்தபடியே வாங்கி அனுப்புகிறார். காதுக்குக் கருவி வைத்திருக்கிறார். பாப்பா பின்னாலிருந்து கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்பிவிடுகிறார்.

டிஸ்க்கை அவர் யாருக்கும் மாற்றித் தருவதில்லை. நேற்றும் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். கரண்டியோடு போய் எட்டிப் பார்த்தால், கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திரையில் தலை வாராமல் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.