பழனி அண்ணனுக்காக வாங்கிய ஷேவிங் பிரஷ்

பழனி அண்ணன் போய்விட்டார். இன்று காலை... கடலுக்கு அந்தக் கரையில் பாம்பூஃப்ளாட்டில், அவர் வீட்டிலேயே.

எல்லாம் முடிந்து சாத்தாம் ஜெட்டிக்குத் திரும்பும் போட்டில் உட்கார்ந்து இதை டைப் பண்ணுகிறேன். யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். அதற்கு நான் லாயக்கில்லை.

எங்கள் ஆபீஸ் ஆட்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். டிஸ்பாட்ச் செக்ஷன். இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் மேஜைகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. என்னைவிட நாலு வயசுதான் மூத்தவர்.

மழையோ காற்றோ, முதல் போட்டைப் பிடித்து வருகிற மனுஷன். ஒரு நாள்கூட ஷேவ் பண்ணாமல் வந்ததில்லை. "அண்ணே, உங்க கன்னத்துல ஈ உட்கார்ந்தா வழுக்கி விழுந்துரும்" என்று ஓட்டுவோம்.

ஒரு தடவை லஞ்ச் டைமில் அபர்டீன் பஜாருக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார், ஷேவிங் பிரஷ் வாங்க. நானோ டிஸ்போசபிள் ரேசர் பார்ட்டி. பத்து நிமிஷ வேலை என்று நினைத்தேன்...

அவருக்குப் பன்றி முடி பிரஷ்தான் வேண்டும். கடைக்காரர் அஞ்சாறு எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். முடி கொத்தாகக் கையோடு வந்தால் அது அவுட். உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். உடனே நிமிராததும் அவுட். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நுனியை ஆராய ஆரம்பித்தார்.

"நுனி வெட்டுன முடின்னா சாகுற வரைக்கும் குத்தும்டா. வெட்டாததுன்னா போகப்போக நுனி பிரிஞ்சு பூ மாதிரி ஆயிரும்."

கடைக்கார பெங்காலி தாதா (அவர்கள் பாஷையில் அண்ணன்) பொறுமை இழந்துவிட்டார். "பாய் சாப், ப்ரஷ் லேனா ஹை யா ரிஷ்தா ஜோட்னா ஹை?" பிரஷ் வாங்க வந்தீர்களா, சம்பந்தம் பேச வந்தீர்களா என்று.

அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆராம்ஸே தாதா, ஆராம்ஸே" என்றார். எதற்கும் அதுதான் அவர் வார்த்தை. மெதுவாக, என்ன அவசரம்...

வாங்கியதோடு விட்டாரா? பதினைந்து நாள் தினமும் வெந்நீரில் ஊறவைத்து, நுரை அடித்து, அலசி, தலைகீழாகத் தொங்கவிட்டுப் பழக்கினார். இந்த ஊர் ஈரத்தில் நிமிர்த்தி வைத்தால் அடியில் பூஞ்சை பிடித்துவிடுமாம்.

ரிட்டயர் ஆன மறு வருஷம் ஸ்ட்ரோக். வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல்.

பார்க்கப் போனேன். இடது கையால் தானே ஷேவ் பண்ணப் போய் தாடையில் ரெண்டு வெட்டு. அந்தப் பழைய பிரஷ், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் எங்கோ தொலைந்திருந்தது.

எனக்கு மனசு தாங்கவில்லை. "விடுங்கண்ணே. நல்ல பிரஷ்ஷா பாத்து நான் வாங்குறேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து நானே பண்ணி விடுறேன்" என்றேன்.

அழுதுவிட்டார். அப்புறம் குழறிக் குழறி, "இழுத்துப் பாத்து வாங்கு... புதுசு குத்தும்... பழக்கிட்டு வா" என்றார்.

அந்த வாரமே வாங்கினேன். அவர் பண்ணின மாதிரியே இழுத்து, அழுத்தி, நுனி பார்த்து... கராச்சர்மாவில் என் வீட்டு பாத்ரூம் ஆணியில் தொங்கவிட்டேன். முதல் நாள் ஒரு வாடை அடித்தது. என் முகத்தில்தான் பழக்கினேன். பதினைந்தாவது நாள் குத்தவே இல்லை.

ஆனால் நான் போகவில்லை.

ஒரு ஞாயிறு மழை. ஒரு ஞாயிறு மகளுக்கு டியூஷன். ஒரு ஞாயிறு ஒன்றுமே இல்லை, சும்மா படுத்துக் கிடந்தேன். ஒரு பஸ், ஒரு போட்... அவ்வளவுதான் தூரம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் வாயோரம் எச்சில் வழிவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

போன் பண்ணினால், "இன்னும் கொஞ்சம் குத்துதுண்ணே" என்பேன். வாய் கூசாமல்.

"ஆராம்ஸே... ஆராம்ஸே பழக்கு" என்பார்.

அஞ்சு மாசமாக அதே பிரஷ்ஷில் தினமும் நான் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தேன். சுகமாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும் இல்லையா...

காலையில் செய்தி வந்ததும், ஏனென்று தெரியவில்லை, அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வாசலிலிருந்து பார்த்தபோது முதலில் அவரை அடையாளம் தெரியவில்லை. கழுத்தை மறைக்கிற அளவுக்கு வெள்ளைத் தாடி. பழனி அண்ணனுக்கு... தாடி.

அண்ணிதான் சொன்னார்கள். "பார்பர் ரெண்டு தடவை வந்தாரு தம்பி. இவருதான் இடது கையால தட்டி விட்டுட்டாரு. 'அவன் பிரஷ்ஷ பழக்கிட்டு இருக்கான், வந்துருவான்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

குரலில் கோபமே இல்லை. ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அண்ணி வாங்கி உள்ளங்கையில் ஒருமுறை தடவிப் பார்த்தார்கள்.

"மெத்துன்னு இருக்கே... பழகி ரொம்ப நாளாச்சு போல" என்று சொல்லி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

அண்ணனுக்குக் கடைசி ஷேவ் பண்ண அதே பார்பர் வந்திருந்தார். கத்தி பிடித்தது அவர். பிரஷ்ஷை வெந்நீரில் ஊறவைத்து நுரை போட்டது நான். ஆராம்ஸே போட்டேன்.

கொஞ்சம்கூடக் குத்தாதுண்ணே... மன்னிச்சிருங்க. போயிட்டு வாங்க.