வியாழக்கிழமைப் பின்னேரங்களில் எடுத்த சிங்களப் படம்

படத் தயாரிப்பாளர் என்பவர் ஊரில் எல்லோருக்கும் கதிரை தேடிக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் நிற்கிற ஆள். கொழும்பில் நானும் அப்படித்தான் நின்றேன். மன்னாரில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் வளர்ந்து, சிங்களப் படம் எடுத்தே மீசை நரைத்தவன் நான். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் என் படக்கம்பனிக் கந்தோர் எரிந்தபோது, வெளியிட நாள் குறித்து வைத்திருந்த படத்தின் பெட்டிகளும் சேர்ந்து எரிந்தன. அந்தப் படத்துக்குச் சனம் எந்த இடத்தில் சிரித்திருக்கும் என்று எனக்குத் தெரியாமலே போயிற்று. வீடு போனதைவிட, காசு போனதைவிட, இதுதான் என் நெஞ்சில் கிடந்து அரித்தது.

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில் மாடிப்படி கழுவிக்கொண்டு திரிந்தேன். உங்களில் பலர் அதே படிகளைக் கழுவியிருப்பீர்கள், விளக்கம் தேவையில்லை. கண்ணை மூடுவதற்கு முன் இன்னொரு படம் எடுத்து, மண்டபத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்று, சனம் சிரிக்கிற சத்தத்தைக் கேட்கவேண்டும். ஆசை அவ்வளவுதான். அதற்கு நான் பட்ட பாடுகளில் சிலதைச் சொல்கிறேன். சிங்களத்திலும் இத்தாலியனிலும் பேசியவர்களின் பேச்சையும் எங்கள் தமிழிலேயே எழுதிவிடுகிறேன், கோபிக்காதீர்கள்.

கோயில் வாசலில்

ஞாயிறு பூசை முடிந்து கத்தோலிக்கக் கோயில் வாசலில் நிற்கும்போது விஷயத்தை வெளியே விட்டேன். எல்லோருக்கும் முதல் வாயைத் திறந்தவர் சவிரிமுத்தண்ணை. யாழ்ப்பாணத் தீவுப்பகுதி ஆள். ஒரேத்தோத் தெருவில் குடியிருந்தார். பலெர்மோவில் தமிழருக்கு என்ன நடந்தாலும் அதற்கு அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கும். "ஊரிலை குண்டு விழுகுது, நீர் இஞ்சை அவங்கடை பாசையிலை படம் எடுக்கப்போறீரோ?" என்று கேட்டார். ஊரில் அவருடைய வீட்டுக் கூரை பறந்த செய்தி அந்த மாதம்தான் வந்திருந்தது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது, நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் மனைவி றெஜினாவுக்குத் தலை குனிகிற பழக்கம் இல்லை. "அண்ணை, தச்சனுக்கு மரம், இவருக்குச் சிங்களப் படம். வேறை ஒரு தொழிலும் இந்த மனுசனுக்குத் தெரியாது. படி கழுவிறதே வடிவாய்த் தெரியாது" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சவிரிமுத்தண்ணை மட்டும் சிரிக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு சொன்னார்: "எடும், நல்லா எடும். ஆனால் நான் செத்தாலும் அதைப் பாக்க வரமாட்டன், சொல்லிப்போட்டன்."

சுபநேரம்

இயக்குநர், கமராக்காரர், வெட்டி ஒட்டுகிறவர் எல்லாம் விமல் என்ற சிங்களப் பெடியன் ஒருவன்தான். கொழும்பில் ஒரு கமராக்காரருக்குக் குடை பிடித்தவன். இங்கே வுச்சீரியாச் சந்தையில் மீன்கடையில் வேலை, ஓய்வு நாளில் கலியாண வீடியோ. சிங்களப் படவுலகில் சுபநேரம் பார்க்காமல் ஒருவரும் முதல் ஷொட் எடுக்கமாட்டார்கள். நான் கத்தோலிக்கன்தான், ஆனாலும் தொழில் என்று வந்தால் நானும் பார்ப்பேன். விமலின் தாயார் கம்பஹாவில் சாத்திரியாரிடம் கேட்டு, போனில் நேரம் சொன்னார். செவ்வாய்க்கிழமை முற்பகல்! அந்த நேரம் கதாநாயகன் ஒரு வக்கீலின் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பான், கதாநாயகி யாரோ வீட்டு யன்னலைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

நேரத்தை விட மனமில்லை. நான் படி கழுவுகிற வாளியோடு சந்தைக்கு ஓடினேன். மீன்கடை மூலையில் ஒரு விளக்கை ஏற்றிவைத்து, விமல் கமராவைத் தூக்கினான். எதிரே இருந்தது, வாள்போல நீண்ட மூக்கோடு நிமிர்த்தி வைத்த ஒரு பெரிய மீன்தலைதான். அதையே எடுத்தோம். கடைக்கார முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மீனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செத்த மீனே இவ்வளவு நல்லா நடிக்குதெண்டால், உங்கடை ஹீரோ பாவமடா!"

ஆகஸ்ட் மாதம்

எங்கள் ஆட்களுக்கு வேலையில்லாத நேரம் வியாழக்கிழமைப் பின்னேரமும் ஞாயிறும் என்று உங்களுக்குத் தெரியும். ஞாயிறு கோயிலுக்கும் விகாரைக்கும் போய்விடும். ஆகவே படம் முழுக்க வியாழன் பின்னேரங்களில்தான் வளர்ந்தது. பாதி முடிந்த நேரம் ஆகஸ்ட் வந்தது. எங்கள் எசமானிகளான சிஞ்ஞோராமார் கடற்கரை வீடுகளுக்குப் போகும்போது பெட்டியோடு வேலைக்காரரையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் கதாநாயகி சுனேத்ராவும் அப்படிப் போனாள். ஒரு வியாழனும் விடமுடியாது என்று அவளுடைய சிஞ்ஞோரா சொல்லிவிட்டார். இந்தப் படமும் சனத்தைக் காணாமலே போய்விடும்போல இருந்தது.

கொழும்பில் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்க் கெஞ்சினேன். சிஞ்ஞோரா சாய்கதிரையில் படுத்து விசிறிக்கொண்டே கதையைக் கேட்டார். ஏழைப்பெண், பணக்காரன், கலியாணம், கடைசியில் அவளே பெரிய வீட்டு எசமானி. "அப்ப அந்த வீட்டிலை வேலை செய்யிறது ஆர்?" என்று கேட்டார். ஒரு வேலைக்காரி வருவாள், அதற்கு இன்னும் ஆள் பிடிக்கவில்லை என்றேன். சிஞ்ஞோரா எழுந்து உட்கார்ந்தார். விசிறியை மடக்கினார். "அந்த வேசத்தை எனக்குத் தா. வியாழக்கிழமை முழுநாளும் இவளைக் கூட்டிக்கொண்டு போ. என்ரை பட்டணத்து வீட்டையும் எடுத்துக்கொள்."

தேத்தண்ணீர்த் தட்டம்

செப்டெம்பரில் அந்தப் பட்டணத்து வீட்டுக் கூடத்தில் கமரா வைத்தோம். சுனேத்ரா கண்டியச் சேலை கட்டி, தான் தினமும் தூசி தட்டுகிற மெத்தைக் கதிரையில் அமர்ந்தாள். சிஞ்ஞோரா சுனேத்ராவின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தேத்தண்ணீர்த் தட்டத்தோடு உள்ளே வரவேண்டும். வந்தார். சுனேத்ரா சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். மறுபடி எடுத்தோம், மறுபடி எழுந்தாள். "இனி எழும்பமாட்டன், மாத்தயா" என்று என்னிடம் சத்தியம் பண்ணினாள். சிஞ்ஞோராவின் செருப்புச் சத்தம் கேட்டதுமே கால்கள் தாமாகவே நிமிர்ந்தன. குடித்துவிட்டு வந்த நட்சத்திரங்களை வைத்தெல்லாம் படம் எடுத்திருக்கிறேன், இப்படி ஒரு சிக்கலைக் கண்டதில்லை. மூன்று வியாழன் அந்த ஒரு ஷொட்டிலேயே போனது.

நான்காவது வியாழன் றெஜினா கைநிறையச் சேப்டி பின்னோடு வந்து, சுனேத்ராவின் சேலையைக் கதிரை உறையோடு சேர்த்துக் குத்தினாள். சிஞ்ஞோரா தட்டத்தோடு வந்தார், குனிந்தார், வைத்தார். சுனேத்ரா ஒரு முறை எழும்பத் துடித்தாள். சேப்டி பின் பிடித்துக்கொண்டது. அந்தத் துடிப்பில் முகம் இறுகி, ராணிபோல நிமிர்ந்து, கோப்பையில் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி காணாது" என்றாள். சிஞ்ஞோரா குசினிக்குப் போய்ச் சீனியோடு திரும்பி வந்தார். "கட்" சொன்னதும் முழங்காலைத் தடவிக்கொண்டு, "நானும் இப்பிடியோடி கேக்கிறனான்?" என்று கேட்டார். பின்னைக் கழற்றிக்கொண்டே சுனேத்ரா சொன்னாள்: "இல்லை சிஞ்ஞோரா, நீங்கள் இதைவிடச் சத்தமா."

மண்டபம்

கோயில் மண்டபத்தைப் பாதிரியார் ஒரு வியாழன் பின்னேரத்துக்குத் தந்தார். இருந்த கதிரை போதாமல் பக்கத்துப் பாரிலும் கேட்டு வாங்கிப் போட்டோம். சிங்களச் சனம் குடும்பம் குடும்பமாக வந்தது. றெஜினாவின் பேச்சைத் தட்டமுடியாமல் தமிழ்ப் பெண்களும் வந்தார்கள். முன்வரிசையில் சிஞ்ஞோரா உரோமக் கோட்டோடு அமர்ந்திருந்தார். சவிரிமுத்தண்ணை கதவோரம் நின்றார். மனைவியைக் கூட்டிக்கொண்டுபோக வந்தாராம், அவ்வளவுதானாம்.

முதல் பாதியில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு திரையில் செருப்புச் சத்தம் கேட்டது, சிஞ்ஞோரா தட்டத்தோடு நுழைந்தார். மண்டபத்தில் சிங்களம், தமிழ் என்றில்லாமல் பாதிப் பெண்கள் கதிரையிலிருந்து அரைவாசி எழுந்துவிட்டார்கள்! எழுந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான், மண்டபம் வெடித்தது. சுனேத்ரா சொன்ன "சீனி காணாது" ஒருவருக்கும் கேட்கவில்லை. சிஞ்ஞோரா எழுந்து, திரும்பி, எல்லோருக்கும் தலை வணங்கினார். நான் பின்சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன். இத்தனை வருடம் கேட்காமல் கிடந்த சத்தத்தைக் கேட்டுவிட்டேன். அப்போது கதவோரம் நின்ற சவிரிமுத்தண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பையும் மீறிக் கத்தினார்: "டேய் விமல், அந்தச் சீனி கேக்கிற துண்டைத் திருப்பிப் போடடா, எனக்கு வடிவாய்க் கேக்கேல்லை!"

சிங்களப் படத் தயாரிப்பாளனாக என் வாழ்க்கையில் நான் தொட்ட உச்சம் எதுவென்று கேட்டால், அந்தத் துண்டு இரண்டாம் முறை ஓடுவதற்கு முன் சவிரிமுத்தண்ணைக்கு ஒரு கதிரை தேடிக் கொடுத்ததுதான்.