நின்றால் முங்கும் பலகை

எங்கள் வீட்டில் எல்லோரும் வள்ளக்காரர்கள், சிறு படகில் மீன்பிடிப்பவர்கள். பெரிய அலை எழுந்தால் துடுப்பை நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருப்போம். அந்தப் பழக்கமே தேங்காய்ப்பட்டணத்தில் என்னைக் கொல்லப் பார்த்தது.

நின்றபடி துடுப்பு போடும் பலகையில் அலையேறப் பழகிக்கொண்டிருந்தேன். என்னுடைய பெரிய பலகை அலையில் சட்டென்று திரும்பாது. அதனால் நண்பன் ஜெபினின் சிறிய பலகையைக் கேட்டு வாங்கினேன்.

"மக்கா, உன் கனத்துக்கு இது சின்னதுடே. ஓடிட்டே இருந்தாத்தான் மிதக்கும், கேட்டியா?"

"தெரியும்ல, பேசாம வா."

கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருந்த தூண்டில் வளைவுப் பாறைகளுக்கு அருகே மலைபோல ஓர் அலை எழுந்தது. என் கை தானாக நின்றுவிட்டது. உடனே பலகை காலடியில் அமிழ, தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. நீரோட்டம் பாறைப் பக்கம் இழுத்தது. துடுப்பைப் பிடித்திருந்தும் அதை அசைக்க முடியவில்லை.

"நிக்காதல! போடு, போடு!" பின்னால் என் பெரிய பலகையில் வந்த ஜெபின் அழுகிற குரலில் கத்தினான்.

கண்ணை மூடிக்கொண்டு வெறிபிடித்தவன்போல் துழாவினேன். பலகை மெல்ல மேலே வந்தது. அலை உடைவதற்குள் அதன் முதுகைத் தாண்டிவிட்டேன்.

கரையில், "இனி பெருசத்தான எடுப்ப?" என்றான் ஜெபின்.

இப்போதும் சிறிய பலகைதான். பயமும் அப்படியே இருக்கிறது. பயந்துகொண்டே துடுப்பு போடலாம் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.