ரவோலா கேட்கும் முதல் கேள்வி

எங்கள் ஊர் வெந்நீர் ஊற்றுக் குளியல் விடுதிக்கு யார் போனாலும், அங்கே வேலை பார்க்கும் ரவோலா முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "மூணு நாளைக்குள்ள பன்னி தின்னீங்களா?" தின்றவர் அந்த ஊற்றைத் தொடக் கூடாது. அது எங்கள் முன்னோர் வைத்த விலக்கு. சீட்டு வாங்கிவிட்டேன் என்று குதித்தாலும் அவளிடம் நடக்காது. மடகாஸ்கர் முழுக்கத் தேடினாலும் இப்படியொரு பிடிவாதக்காரி கிடைக்கமாட்டாள்.

ஜூலைக் குளிரில் ஜனாதிபதி தலைநகரிலிருந்து வந்து, ஊற்றுக்குப் பின்னாலுள்ள மாளிகையில் பத்து நாள் தங்குவார். தினமும் அவரைக் கைத்தாங்கலாகத் தண்ணீரில் இறக்கிவிடுபவள் ரவோலா மட்டும்தான். மற்ற எல்லோரும் வெளியே. அவருக்கு என்ன வியாதி? ஊருக்கே தலை வெடித்தது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வெடித்தது. நான் ரிக்‌ஷா இழுக்கிறவன், அவள் அடுத்த வீட்டுக்காரி. தினமும் நச்சரிப்பேன்.

"அக்கா, காலா, முதுகா? அதையாவது சொல்லேன்."

"உன் வாயிலதான்டா வியாதி, சோலோ. முதல்ல உன்னத்தான் முக்கி எடுக்கணும்."

பத்தொன்பது வருடமாக அவள் தினக்கூலிதான். அந்த வருடம் ஜனாதிபதி மனம் குளிர்ந்து ஊர் திரும்பினால் வேலை நிரந்தரம் என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். விதவை, மூன்று பிள்ளைகள். அவள் அதைத்தான் நம்பியிருந்தாள்.

ஜனாதிபதி திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய புதன்கிழமை, எங்கள் வழக்கப்படி அவளுடைய செத்துப்போன அப்பாவின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து எடுத்துப் புதுப் பட்டு சுற்றும் விழா. அங்கே கொழுப்பு மிதக்கும் பன்றிக்கறிச் சோற்றை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அப்பாவையே அவமதித்ததாகிவிடும். வயிறு முட்டத் தின்றாள், நானும் தின்றேன். மறுநாள் காலை சைரன் கேட்டது. ஜனாதிபதி நான்கு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

அவளை வண்டியில் ஏற்றி விடுதிக்கு இழுத்துப் போகும்போது சொன்னேன்: "பேசாம இறங்கிடு அக்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"நேத்துத்தான் எங்கப்பன் எலும்பத் தோள்ல தூக்கி ஆடினேன். அவருக்குத் தெரியாதா?"

அவளுடைய துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் உள்ளே நுழைந்துவிட்டேன். சக்கர நாற்காலியில் ஜனாதிபதி, இடுப்புக்குக் கீழே போர்வை. கைகளைக் கட்டிக்கொண்டு ரவோலா சொன்னாள்: "ஐயா, இன்னிக்கு நான் தண்ணியத் தொட முடியாது. நேத்து பன்னி தின்னுட்டேன்."

பக்கத்தில் நின்ற அவருடைய செயலாளர் பாய்ந்தார். "நாட்டுத் தலைவரு வந்திருக்காரு, நீ சோத்துக் கதை பேசுறியா? வேற ஆளக் கூப்பிடறேன். நீ இனிமே இந்தப் பக்கமே வராத!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கைகளைப் பிரிக்கவில்லை. போச்சு, வேலை போச்சு என்று நான் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஜனாதிபதி அவளைப் பார்த்துச் சொன்னார்: "போன வருஷம் நீ கேட்டப்ப இல்லன்னு சொன்னேன்ல? பொய். முந்தின நாள் ராத்திரிதான் மூக்குப் பிடிக்கத் தின்னேன். அதான் குணமாகல போல." பிறகு செயலாளரிடம், "மூணு நாள் காத்திருப்போம்" என்றார்.

அந்த மூன்று நாளும் ஊரில் வதந்தி இறக்கை கட்டிப் பறந்தது. ஊற்று வற்றிவிட்டது என்றார்கள், ஆள் போய்விட்டார் என்றார்கள். காரணம் தெரிந்த நான் வாயைக் கட்டிக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமல்ல. நான்காம் நாள் அவர் தண்ணீரில் இறங்கினார். அவர் ஊர் திரும்பும்போது அவளுடைய நிரந்தர உத்தரவில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

இரண்டு வருடத்தில் அவருடைய ஆட்சி கவிழ்ந்தது. மாளிகைக்குப் பூட்டு. அடுத்த ஜூலையில் பேருந்து நிலையத்தில் ஒரு கிழவர், இடுப்பில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, தடியூன்றித் தள்ளாடி என் வண்டியிடம் வந்தார். கூட ஒருவரும் இல்லை. முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, அதே ஜனாதிபதிதான்; வண்டியில் ஏற்றி விடுதிக்கு இழுத்தேன்.

விடுதி வாசலில் கூட்டம் கூடிவிட்டது. புது மேலாளர் மறித்தார்: "இவர உள்ள விட்டா நமக்கு வம்பு."

"நான் நிரந்தரம். வம்பு வந்தா என் தலையோட போகட்டும்" என்று ரவோலா கதவைத் திறந்தாள். பிறகு கிழவர் பக்கம் திரும்பினாள். "மூணு நாளைக்குள்ள பன்னி தின்னீங்களா, ஐயா?"

"இல்லம்மா. இந்தத் தடவை நிஜமாவே இல்ல."

"நீ?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லக்கா."

"அப்ப அந்தப் பக்கம் பிடி. எனக்கும் வயசாச்சு."

பிடித்தேன். போர்வை விலகியது. எத்தனையோ வருடமாக நச்சரித்துக் கேட்டதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டு என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். எனக்கு அழுகை வந்தது.

வெளியே வந்ததும் கூட்டம் மொய்த்தது. "பாத்தியா சோலோ? என்னப்பா வியாதி?"

"நீங்கள்லாம் பன்னி தின்னவங்க, தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை இழுத்தேன்.