கதவோரம் படுக்க மாட்டேன்

எங்கள் குடும்பத்தில் யார் எங்கே படுப்பது என்பதைத் தீர்மானிக்கிறவர் என் மூத்த நாத்தனார். கல்யாண வீடாக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரி வராந்தாவாக இருந்தாலும் சரி, பொழுது சாயும் முன்னே இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவார். "நீ இங்க, அவ அங்க, அந்தக் குண்டன் ஜன்னல் பக்கம் வேண்டாம், அவன் குறட்டைக்குத் தெருவே எழுந்துக்கும்" என்று பங்கு போட்டுவிட்டுத்தான் நகருவார். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவரும் அக்கா கை காட்டிய இடத்தில்தான் தலை சாய்த்தார்.

இந்தப் பங்கில் கதவோரம் மட்டும் எப்போதும் ஒருத்திக்குத்தான். அவள் என் ஓரகத்தி, என் கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டுக்கு வந்த முதல் வாரமே நாத்தனார் சொல்லிவிட்டார்: "சின்னவளுக்குத் தூக்கம் லேசு. யாராவது வெளிய போகணும்னா எழுந்து கதவத் தெறந்து விடுவா." அவள் தூக்கம் லேசா கனமா என்று யார் நிறுத்துப் பார்த்தார்கள்? கதவோரத்தில் போட்டால் யாருக்குத்தான் தூக்கம் கனக்கும்?

அவளுக்கு வாய்த்த வேலையும் கதவு வேலைதான். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினாள். பழைய காலத்து லிஃப்ட். இரும்புக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினால்தான் அசையும். உள்ளே ஒரு முக்காலி, ஒரு பித்தளைக் கைப்பிடி, தலைக்கு மேல் ஒரு குட்டி மின்விசிறி. பிறகு பொத்தான் வைத்த புது லிஃப்ட் வந்தது. ஆனாலும் அதிகாரிகள் தங்கள் விரலால் பொத்தானை அமுக்கக் கூடாதே, அதற்காக அவளை அப்படியே வைத்திருந்தார்கள். யார் ஏறினாலும் "எத்தனாவது?" என்று கேட்பாள். வீட்டில் கண் அசந்திருக்கும்போது விருந்தாளி யாராவது கதவைத் தட்டினால், எழுந்து போய்த் திறந்துவிட்டு "எத்தனாவதுங்க?" என்று கேட்டதும் உண்டு. அதனால் எங்கள் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் லிஃப்டு சித்தி.

ஒருமுறை நான் கேட்டேன். "உச்சி மாடியிலேருந்து பார்த்தா ஊரே தெரியுமாமே?"

"தெரியுமாம்க்கா. எறங்கிப் போறவங்க சொல்வாங்க" என்றாள்.

அவள் இறங்கினதில்லை. இறங்கினால் லிஃப்டை யார் பார்ப்பது? மாடிக்கும் மாடிக்கும் நடுவே கம்பி வழியாக நகரும் செங்கல் சுவர்தான் அவள் கண்ட காட்சி.

தலை நன்றாக நரைத்த பிறகு, சால்வை போத்தி வேலையிலிருந்து அனுப்பிவைத்தார்கள். அந்தக் கோடையில்தான் நாங்கள் எல்லோரும் ஒரு வேன் பிடித்து மலையூருக்குப் போவதென்று முடிவானது. எங்கே தங்குவது என்று பேச்சு வந்தது. நாத்தனார் மகன் போனில் விடுதிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். நாத்தனார் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. அவருடைய சம்பந்தியின் தம்பிக்கு ஒரு மைத்துனர், அந்த மைத்துனருக்கு வேண்டியவர் அங்கே ஒரு லாட்ஜ் நடத்துகிறாராம். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

"எல்லாரும் ஒரே ஹால்ல படுத்துக்கலாம். எனக்கு மூட்டு வலி, படி ஏற முடியாது. அதனால இருக்கிறதுலயே கடைசி, கீழ் மாடியாக் கேளு" என்றார் மகனிடம்.

ஓரகத்தி வாய் திறந்தாள். "மேல் மாடில, பள்ளத்தாக்கு தெரியற மாதிரி ஒரு ரூம் கேட்டுப் பாக்கலாமே."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "ஏண்டி, காலம் பூரா மேலயும் கீழயும் போய்ட்டு வந்தியே, பத்தலையா?" என்றார் நாத்தனார்.

"போய்ட்டு வந்தேன் அண்ணி. ஒரு நாளும் தங்கல."

அது யார் காதில் விழுந்தது? கீழ் மாடி ஹாலுக்குத்தான் சொல்லி வைத்தான் அந்தப் பிள்ளை.

சமதரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மலைக் கட்டடத்தின் சூட்சுமம் எங்கே தெரியும்? வேன் நின்றது. சாலை மட்டத்தில் லாட்ஜின் வாசல். கட்டடம் அதற்கு மேலேயும் போகிறது, சரிவோடு கீழேயும் இறங்குகிறது. மேலாளர் சாவியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். ஒரு மாடி இறங்கினோம். "இதுவா?" என்றார் நாத்தனார். "நீங்க கேட்டது கடைசி மாடிம்மா, இன்னும் கீழ" என்றார் அவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு படிக்கும் ஒருவராக, சம்பந்தி, சம்பந்தியின் தம்பி, மைத்துனர், மைத்துனருக்கு வேண்டியவர் என்று அத்தனை பேரையும் திட்டிக்கொண்டே நாத்தனார் இறங்கினார். ஆட்கள் தீர்ந்தார்கள், படி தீரவில்லை. பெற்ற மகனைப் பிடித்துக்கொண்டார்.

ஹால் பெரிதுதான். ஆனால் பள்ளத்தாக்குப் பக்கம் முழுக்கச் சமையற்கூடம். எங்களுக்கு வாய்த்தது மலைப் பக்கம். ஓரகத்தி போய் ஒற்றை ஜன்னலைத் திறந்தாள். கை நீட்டும் தூரத்தில் கருங்கல் சுவர். அதில் பாசி, பாசியில் ஒரு நத்தை. அவள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாத்தனார் மூச்சு வாங்கி முடித்ததும் இடுப்பில் கை வைத்தார். பங்கு ஆரம்பித்தது. எனக்குச் சுவரோரம். கடைசியில், "சின்னவளே, நீ அந்தக் கதவோரம் போட்டுக்க."

"வேண்டாம் அண்ணி."

"என்னது வேண்டாம்?"

"கதவோரம் வேண்டாம். கதவு தெறந்து விடற வேலை முடிஞ்சு போச்சு. சால்வை போத்தி அனுப்பிட்டாங்க."

"அப்போ எங்கடி படுப்ப?"

"மேல."

"குடும்பத்தோட வந்துட்டு நீ மட்டும் தனி ரூமா? ஊர் என்ன பேசும்?"

"ஊரு கீழ இருக்கு அண்ணி. இங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். என் கொழுந்தன் ஒரு காலுறையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தவர், "ஏய், இரு... அக்கா, அவ சும்மா விளையாட்டுக்கு..." என்று இரண்டு பக்கமும் திரும்பினார். அதற்குள் அவள் படியேறிவிட்டாள்.

மேலாளர் பிறகு என்னிடம் சொன்னார். "உச்சியில ஒரு சின்ன ரூம்தான் இருக்கும்மா, காத்தடிச்சா தகரம் சத்தம் போடும், லிஃப்டும் கிடையாது" என்றாராம். "ரொம்ப நல்லதாப் போச்சு" என்று சாவியை வாங்கிக்கொண்டாளாம்.

நாத்தனார் என்னை அனுப்பினார். "நீ மூத்தவ, நீ சொன்னாக் கேப்பா. உடனே எறங்கி வரலைன்னா திரும்பும்போது வேன்ல எடம் இல்லைன்னு சொல்லு."

அத்தனை படியும் ஏறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினேன்.

"சாத்தலக்கா. தள்ளிட்டு வாங்க."

தட்டின சத்தம் கேட்டும் அவள் எழுந்து வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை. தள்ளிப் பார்த்தால், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கால் இரண்டும் ஜன்னல் கட்டை மேல். வெளியே சுவர் என்று ஒன்று கிடையாது. கீழே தகரக் கூரைகள், அவற்றுக்கு நடுவே வளைந்து போகும் சாலை, எறும்பு போல ஒரு லாரி, அதற்கும் அப்பால் மலைக்குப் பின்னால் மலை.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "வேன்ல எடம் இல்லையாம்."

"பஸ் ஓடுதுக்கா."

"எல்லாரையும் விட்டுட்டுத் தனியா இருந்தா நல்லாவா இருக்கு?"

"நல்லா இருக்கே. வந்து பாருங்க."

பார்த்தேன். பார்த்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் இருமல் சத்தம். என் கொழுந்தன்.

"அக்கா உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

அவள் திரும்பவில்லை. "கையில என்ன?"

"தலகாணி."

"கூட்டிட்டுப் போறதுக்குத் தலகாணி எதுக்கு?"

அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "கீழ ஒரே ஈரம்."

"கட்டில் எனக்கு. கதவோரம்தான் எடம் இருக்கு."

"சரி" என்று அவர் தலையணையைக் கதவோரம் போட்டார்.

நான் மட்டும் கீழே இறங்கினேன். நாத்தனார் என் முகத்தைப் பார்த்தார்.

"வர மாட்டாளாம்" என்றேன்.

"அவன்?"

"அவரும்தான்."

கதவோரத்தில் காலியாகக் கிடந்த இடத்தை அவர் பார்த்தார். "அப்போ ராத்திரி கதவ யாரு தெறக்கறது?"

"யாருக்கு வெளிய போகணுமோ அவங்க தெறந்துக்கட்டும் அண்ணி" என்று சொல்லிவிட்டு, சுவரோரம் விரித்திருந்த என் போர்வையை எடுத்து, ஹாலுக்கு நடுவில் நானே இடம் பார்த்துப் போட்டுக்கொண்டேன்.