தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. கட்டும்போது செருப்பும் துடைப்பமும் போட்டுவைக்கத்தான் அதை விட்டார்கள். நான் அதற்குக் கதவு வைத்துப் பூட்டும் போட்டேன். ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி முடிவதற்குள் அந்த அறையை நிரப்பிவிடுவேன். புழுங்கல் அரிசி, அவல், பொட்டுக்கடலை, வெல்லம், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிய தீப்பெட்டிகள், மெழுகுவத்தி, டார்ச், காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கிற பொடி, ப்ளீச்சிங் பவுடர். ரேஷன் கார்டும் பட்டாவும் ஒரு தூக்குச் சட்டிக்குள். கூடுதலாக ஒரு காஸ் சிலிண்டர். மூலையில் ஜெனரேட்டர், அதன் பக்கத்தில் பெட்ரோல் கேன்.

வேதாரண்யத்துக்கு வடக்கே, கடைமடை என்று சொல்கிற பகுதியில் எங்கள் ஊர். காவிரித் தண்ணீர் எங்களுக்குக் கடைசியில்தான் வந்து சேரும். மழையும் புயலும் மட்டும் முதலில் வரும்.

எனக்கு இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஓர் ஐப்பசியில் மழை விடவே இல்லை. வாய்க்கால் உடைந்து தெருவும் வயலும் ஒன்றாகிவிட்டன. காஸ் தீர்ந்துபோனது. விறகெல்லாம் நனைந்து கிடந்தது. கொதிக்கவைக்க வழியில்லாமல் அடிபம்பு தண்ணீரையே பிள்ளைக்குக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து வாந்தியும் போக்கும். டிராக்டர் டிரெய்லரில் குடையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நர்ஸுக்குக் கையில் நரம்பு கிடைக்கவில்லை. மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் காலில் ஊசி குத்தினார்கள். பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குள் ஏதோ ஒன்று இறுகிப்போனது.

என் கணவர் அப்போது வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த லீவில் வந்தபோது ஜெனரேட்டரை அவர்தான் வாங்கிக்கொடுத்தார். மாட்டு வண்டியில் வைத்துக் கட்டிக் கொண்டுவருவதைத் தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டு மாமா மட்டும் வாசலில் நின்று சத்தமாகக் கேட்டார்.

"என்ன ஆயி, கல்யாண மண்டபம் கட்டப்போறியா?"

அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு எப்போதும் உரத்துத்தான் வரும். அத்தனை வருஷம் கூட்டத்துக்குள் கத்திக் கத்தி வந்த பழக்கம். அவருக்கு இளைப்பு நோய் இருந்தது. பஸ் புகையும் தூசியும்தான் காரணம் என்று அக்கா சொல்வார். அக்கா என்றால் அவருடைய மனைவி. மூச்சுக்கு மருந்து போட்டுப் பிடிக்கிற மெஷின் ஒன்று அவர்கள் வீட்டில் உண்டு. கரண்டில் ஓடுவது. பிள்ளைகளை வெளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டு இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். என் மகள் பாதி நேரம் அந்த வீட்டில்தான் கிடப்பாள்.

அந்தப் பெரிய புயல் வந்தபோது மகளுக்குப் பத்து வயது. வருவதற்கு முதல் நாள் கணவர் போனில் பேசினார்.

"எல்லாம் இருக்கா?"

"இருக்குங்க."

"கேட்டவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்துட்டு நிக்காத. நீ பிள்ளைய வச்சுக்கிட்டு ஒண்டியா இருக்க. ஞாபகம் வச்சுக்க."

விடிந்து கதவைத் திறந்தபோது வானம் முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஏன் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. தென்னை மரங்கள் ஒன்றுகூட நிற்கவில்லை. தெரு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. கரண்டு கம்பங்கள் இடுப்பு ஒடிந்ததுபோல் மடங்கியிருந்தன. எதிர்வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பாதியைக் காணவில்லை. மாமா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு நாள் நான் நல்லவளாகத்தான் இருந்தேன். காலையும் மாலையும் ஜெனரேட்டரை ஓடவிட்டேன். போர் மோட்டாரைப் போட்டுத் தெருவில் எல்லோருக்கும் தண்ணீர் பிடித்துக்கொடுத்தேன். டவர் இல்லாவிட்டாலும் போனுக்குச் சார்ஜ் போட வந்தார்கள். மாமாவும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வராண்டாவில் உட்கார்ந்து மருந்து பிடித்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருப்பார். "உன் கல்யாண மண்டபம் நல்லா இருக்கு ஆயி" என்று மாமா முகமூடிக்குள்ளிருந்தே சொன்னார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கேனுக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன். நான்கு விரல் அளவுக்குத்தான் குச்சி நனைந்திருந்தது. ரோடு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. கரண்டு வர ஒரு மாதம் ஆகும் என்று சொன்னார்கள். மகள் தரையில் உட்கார்ந்து அவலைத் தின்றுகொண்டிருந்தாள். அவள் கால்களைப் பார்த்தேன். ஊசி ஏறிய அந்தக் கால். எழுந்துபோய் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மறுநாள் காலையில் வந்தவர்களிடமெல்லாம் ஜெனரேட்டர் ஓடாது என்று சொல்லிவிட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் போனார்கள்.

அக்கா வந்தபோது பதினோரு மணி இருக்கும். நல்ல வெயில். புயல் அடித்த சுவடே இல்லாத மாதிரி அப்படி ஒரு வெயில். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டி வந்தார். கையில் மெஷின் இருந்தது.

"அம்மா, மாமாவுக்குக் காலையிலேர்ந்து இழுக்குது. வாயில அடிக்கிற பம்பும் காலியாயிட்டு. ஒரு பத்து நிமிஷம் போட்டேன்னா போதும்."

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"பெட்ரோல் தீர்ந்துபோச்சுக்கா. நேத்தோட தீர்ந்துபோச்சு."

இதைச் சொல்ல நான் தடுமாறவே இல்லை. அதுதான் இன்று நினைத்தாலும் பயமாக இருக்கிறது. யோசித்து வைத்திருந்ததுபோல் வாயிலிருந்து வந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். சந்தேகமாக இல்லை. பாவமாகப் பார்த்தார்.

"அய்யோ. அப்ப உனக்கும் ஒண்ணும் இல்லயா? சரிம்மா. நீ என்ன பண்ணுவ."

மெஷினை மார்போடு அணைத்தபடி மறுபடியும் மரத்தைத் தாண்டிப் போனார்.

கரண்டு இல்லாத ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃபேன் சத்தம் இல்லை, டிவி இல்லை, மோட்டார் இல்லை. பறவைகளும் எங்கோ போய்விட்டிருந்தன. எதிர்வீட்டில் பாதிக் கூரை இல்லை. மாமா மூச்சு விடுகிற சத்தம் தெருவைத் தாண்டி என் வீட்டுக்குள் வந்தது. ஈரமான சாக்கை இழுப்பதுபோல ஒரு சத்தம். அடுப்படிக்குப் போனேன், கேட்டது. கொல்லைப்புறம் போனேன், அங்கேயும் கேட்டது. இடுப்பில் சாவி உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது போகலாம், இன்னும் ஒரு நிமிஷம் கழித்துப் போகலாம் என்று இரண்டு மணி நேரம் நின்றேன். நேரம் போகப் போக, சொன்ன பொய்யை எப்படித் திருப்பி எடுப்பது என்பதே பெரிய கவலையாகிவிட்டது. கேனில் எவ்வளவு இருக்கிறது என்பதை மறந்தே போனேன்.

மதியம் நான்கு பேர் சேர்ந்து அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, அடியில் இரண்டு மூங்கிலைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மெயின் ரோட்டில் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதுவரை போய்விட்டால் வண்டி கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். என் வாசலைத் தாண்டும்போது மாமா என்னைப் பார்த்தார். பேச முடியவில்லை. கையை மட்டும் கொஞ்சம் தூக்கி, போய்ட்டு வரேன் என்பதுபோல ஆட்டினார்.

மறுநாள் எங்கள் வீட்டில் தண்ணீர் தீர்ந்தது. உச்சி வெயிலில் அறையைத் திறந்து, ஜெனரேட்டரைக் கொல்லைக்கு இழுத்துப்போய், ஓடவிட்டேன். அந்த அமைதியில் அது ஊருக்கே கேட்டிருக்கும். தொட்டி பாதி நிறைவதற்குள் ஏதோ தோன்றி வாசலுக்கு வந்து பார்த்தேன்.

அக்கா தெருவில் நின்றிருந்தார். மாமாவுக்கு மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார். ஒரு கையால் விழுந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வந்து நிற்பதைப் பார்த்தார். பிறகு அவர் வீட்டுக்குள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் நடந்து போனார். பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வழிந்து கொல்லையெல்லாம் ஓடிய பிறகுதான் போய் நிறுத்தினேன்.

மாமா பிழைத்துவிட்டார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். எனக்கு நிம்மதிதான். ஆனால் அவர் நேரே தன் வீட்டுக்குப் போகவில்லை. என் வாசலுக்கு வந்தார். கையில் ஐந்து லிட்டர் கேன்.

"இந்தா ஆயி. அன்னிக்கு உனக்கும் தீந்துபோச்சாம்ல? பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுதோன்னு ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே நெனச்சேன். பங்க்ல என்னா கூட்டங்கிற! என் பழைய டிப்போ ஆளு ஒருத்தன் வரிசையில நின்னான். அவன்கிட்ட சொல்லி வாங்கினேன்."

அவருக்குப் பின்னால் அக்கா நின்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கிக்கம்மா" என்றார்.

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

அந்தப் பெட்ரோலை நான் தொடவில்லை. அறைக்குள் வேறு எதை எடுக்கப் போனாலும் அதன் வாசனை மூக்கில் ஏறும். கணவர் லீவில் வந்தபோது, பழசு, இனி இன்ஜினுக்கு ஆகாது என்று சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி பைக் செயினைக் கழுவினார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடம் எதையும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மாமா ஒன்றரை வருஷம் இருந்தார். அந்த ஒன்றரை வருஷமும் என்னைப் பற்றி ஊரெல்லாம் நல்லதாகவே சொல்லிக்கொண்டிருந்தார். தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் ஊருக்கே தண்ணீர் கொடுத்த பெண் என்று. கோயிலில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில். நான் பக்கத்தில் நின்றால் இன்னும் சத்தமாகச் சொல்வார். அக்கா ஒரு தடவைகூட மறுத்துச் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொன்னதில்லை.

அவர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இறந்தார். நெஞ்சுச் சளி. இந்த முறை கரண்டும் இருந்தது, மெஷினும் இருந்தது, டாக்டர்களும் இருந்தார்கள். வீட்டில் நான்தான் வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன், பாத்திரம் கழுவினேன். பந்தல்காரர் வாசலில் ஜெனரேட்டரை ஓடவிட்டபோது என் கையிலிருந்த டம்ளர்களெல்லாம் விழுந்தன. இப்போதும் எங்கே அந்தச் சத்தம் கேட்டாலும் என் காது அதற்கு அடியில் ஒரு மூச்சைத் தேடும். பல நேரம் கேட்டும்விடும்.

அடுத்த வருஷம் இன்னொரு புயல் எச்சரிக்கை வந்த அன்று, அக்காவுக்கும் சேர்த்து வாங்கிய சாமான்களைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னிக்கு எங்கிட்ட பெட்ரோல் இருந்துச்சு."

"ம்."

"மாமாகிட்ட ஏன்க்கா சொல்லல?"

அவர் காம்பைக் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"சொன்னா அந்த மனுசன் அப்புறம் யார்கிட்டயும் எதுவும் கேக்கமாட்டாரு. மூச்சு முட்டிச் செத்தாலும் கேக்கமாட்டாரு. எனக்கு அவரு உசுரோட இருக்கணும். அதான்."

"நீங்க என்னைத் திட்டியிருக்கலாம்."

"திட்டாம இருப்பனா? மனசுக்குள்ள தெனமும் திட்டுனேன். அவரு உன்னைப் புகழும்போதெல்லாம் திட்டுனேன்." கீரையைத் தட்டில் தள்ளிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயும் பிள்ளைய வச்சுக்கிட்டு பயந்த. அதுவும் தெரியும். ரெண்டும்தான் இருக்கு எனக்குள்ள. ஒண்ண எடுத்து வெளியில போடச் சொன்னா எனக்குத் தெரியல."

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. கொண்டுபோன சாமான்களை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். அந்தப் புயல் திசை மாறி ஆந்திராப் பக்கம் போய்விட்டது. அடுத்த தை மாதம் அக்கா கும்பகோணத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எப்போதாவது போன் செய்தால் மழையைப் பற்றிப் பேசுவோம்.

என் மகள் இப்போது தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ படிக்கிறாள். போன கார்த்திகையில் அங்கே மூன்று நாள் விடாத மழை. மெஸ் நடக்கவில்லை, கடைகளும் இல்லை. நான் பதறிப்போய் போன் செய்தேன். பெட்டியில் பிஸ்கட்டும் அவலும் வைத்து அனுப்பியிருந்தேனே, ரூமில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் கொடுத்துச் சாப்பிடு என்றேன்.

"இல்லம்மா. எல்லாம் தீர்ந்துபோச்சுன்னு சொல்லிட்டேன்."

"தீர்ந்துபோச்சா?"

"இருக்கு. பெட்டிக்கு அடியில இருக்கு."

ஏண்டி அப்படிச் சொன்ன என்று கேட்டேன்.

"நீ எதிர்வீட்டுப் பெரியம்மாக்கிட்ட அப்படிச் சொன்னப்ப நான் கதவுக்குப் பின்னாடிதான நின்னேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அக்காவிடம் சொன்னதை அவளிடமும் நேரில் சொல்ல, மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து நான் தஞ்சாவூருக்குப் போனேன்.